இறக்குமதியா, உள்நாட்டுத் தயாரிப்பா? எழுபது ஆண்டுகளாகத் தொடரும் டிராக்டர் விவாதம்

போவன்பள்ளி (ஹைதராபாத்): செகந்திராபாத் கண்டோன்மென்டை ஒட்டி, நாகபுரி நெடுஞ்சாலை நகரத்தை விட்டு வெளியேறும் பகுதியில் அமைந்துள்ளது போவன்பள்ளி. இங்குள்ள டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் காய்கறிச் சந்தை, தெலங்கானாவின் பெரிய மொத்த விற்பனைச் சந்தைகளில் ஒன்று. வீணாகும் காய்கறிகளிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் இச்சந்தையின் முயற்சியைப் பிரதமர் நரேந்திர மோதி 2021 ஜனவரி மாத "மனதின் குரல்" வானொலி உரையில் குறிப்பிட்ட பிறகு, நாடு முழுவதும் இச்சந்தை பெயர் பெற்றது.

காய்கறிக் கழிவு மின்சாரமாவதற்கு முன் அந்தக் காய்கறி விளைய வேண்டும், சந்தைக்கு வந்து சேர வேண்டும். இவ்விரண்டிலும் டிராக்டருக்குப் பங்கு உண்டு. சுற்றுவட்டார மாவட்டங்களின் வயல்களில் உழுவதும் அதுதான். அறுவடை முடிந்ததும் பின்னால் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு சுமை இழுப்பதும் அதுதான்.

இந்த வயல்களில் ஓடும் டிராக்டர்களில் ஏறத்தாழ அனைத்துமே இந்தியத் தொழிற்சாலைகளில் உருவானவை. ஆனால் அவற்றின் பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் இந்தியப் பெயர்களுக்கு இணையாக அமெரிக்க, ஜப்பானிய, ஐரோப்பியப் பெயர்களும் தென்படும். எது உள்நாட்டு டிராக்டர், எது வெளிநாட்டு டிராக்டர் என்ற கேள்விக்கு இன்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. இக்கேள்விக்கு எழுபது ஆண்டுகால வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் முடிவு எடுத்தது புதுதில்லி. விலை கொடுத்தது விவசாயி.

கப்பலில் வந்த காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போரில் மிஞ்சிய டிராக்டர்களும் புல்டோசர்களும் இந்தியாவுக்கு வந்தன. தரிசு நிலங்களைத் திருத்துவதற்காக மத்திய டிராக்டர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கர்களை ஆக்கிரமித்திருந்த "காண்ஸ்" எனும் நாணல் வகைப் புல்லை வேரோடு பெயர்க்க மாட்டு ஏரால் முடியவில்லை. இதற்கான கனரக இயந்திரங்களை வாங்க 1949 செப்டம்பரில் உலக வங்கியிடமிருந்து 1 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. சுதந்திர இந்தியா உலக வங்கியிடம் பெற்ற இரண்டாவது கடன் இது. முதல் கடன் அதற்கு முந்தைய மாதம் ரயில்வேக்காகப் பெறப்பட்டது.

சோவியத் யூனியன் அன்பளிப்பாக அளித்த இயந்திரங்களைக் கொண்டு ராஜஸ்தானின் சூரத்கட்டில் 1956-ல் மத்திய அரசுப் பண்ணை தொடங்கப்பட்டது. 1951-ல் நாட்டில் இருந்த டிராக்டர்கள் சுமார் 8,500. 1960-ல் இந்த எண்ணிக்கை 37,000-ஐ எட்டியது. அதுவரை தேவை முழுவதும் இறக்குமதி மூலமாகவே நிறைவு செய்யப்பட்டது.

இறக்குமதி இயந்திரங்களின் திறனில் குறை சொல்வதற்கில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. பல நாடுகளிலிருந்து, பல நிறுவனங்களிடமிருந்து, பல ரகங்களில் வந்திறங்கிய டிராக்டர்களுக்கு உதிரி பாகங்கள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு கியர் சக்கரம் உடைந்தால், அதை வரவழைக்க அன்னியச் செலாவணி வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். பின்னர் கப்பல் வர வேண்டும். அதற்குள் பருவம் முடிந்துவிடும். உழவுக்குரிய பத்து நாளில் ஓடாத டிராக்டர், பிறகு ஆண்டு முழுவதும் ஓடினாலும் பயனில்லை என்பதை அன்றைய விவசாயிகள் அனுபவத்தில் அறிந்தனர்.

உரிமம் பெற்று உற்பத்தி

இதற்குத் தீர்வாக, வெளிநாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று உள்நாட்டிலேயே டிராக்டர் தயாரிக்கும் கொள்கை வகுக்கப்பட்டது. ஜெர்மனியின் ஐஷர் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1959-ல் பரீதாபாதில் முதல் டிராக்டர் உருவானது. சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாசே பெர்குசனுடன் இணைந்து 1960-ல் "டாஃபே" நிறுவனத்தைத் தொடங்கியது. போலந்தின் உர்சஸ் தொழில்நுட்பத்துடன் எஸ்கார்ட்ஸும், அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து மஹிந்திராவும் களத்தில் இறங்கின.

1961-ல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து உற்பத்தி செய்தவை வெறும் 880 டிராக்டர்கள். 1970-ல் ஆண்டு உற்பத்தி 20,000-ஐத் தாண்டியது. ஆயினும் பசுமைப் புரட்சி தொடங்கிவிட்டிருந்த அந்நாள்களில் தேவை அதைவிட வேகமாக வளர்ந்தது. இறக்குமதியும் தொடர்ந்தது. மாநிலங்களில் அமைக்கப்பட்ட வேளாண் தொழில் கழகங்கள் வாயிலாக இறக்குமதி டிராக்டர்கள் விநியோகிக்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசத்திலும் 1968-ல் இத்தகைய கழகம் ஒன்று உருவானது. டிராக்டர் வேண்டுவோர் பெயரைப் பதிவு செய்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தனர். டிராக்டரின் விலையையும் விநியோகத்தையும் அரசே கட்டுப்படுத்திய காலம் அது.

ஜெட்டாரும் சுவராஜும்

இறக்குமதித் தொழில்நுட்பமா, சொந்தத் தொழில்நுட்பமா என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 1960-களின் பிற்பகுதியில்தான். மேற்கு வங்கத்தின் துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறியாளர்கள், வெளிநாட்டுக் கூட்டு எதுவுமின்றி ஒரு டிராக்டரை வடிவமைத்தனர். அப்போது அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் மன்மோகன் சூரி. வடிவமைப்புக் குழுவில் முக்கியப் பங்கு வகித்தவர் சந்திரமோகன். அந்த டிராக்டருக்குச் சூட்டப்பட்ட பெயர் "சுவராஜ்".

ஆனால் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., செக்கோஸ்லோவாகியாவின் "ஜெட்டார்" தொழில்நுட்பத்தைப் பெற்று, 1971-ல் ஹரியாணாவின் பிஞ்சோரில் 25 குதிரைத்திறன் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கியது. அரசு ஆய்வகத்தில் பிறந்த சுதேசி வடிவமைப்பு, மத்திய அரசின் ஆலைக்குச் செல்லவில்லை. அதை ஏற்றுக்கொண்டது பஞ்சாப் மாநில அரசு. 1970-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டு, 1974-ல் மொஹாலியிலிருந்து முதல் "சுவராஜ்" டிராக்டர் வெளிவந்தது.

அன்று எழுந்த வாதங்கள் இரண்டு. பல நாடுகளில் ஓடித் தேர்ந்த வடிவமைப்பை வாங்கினால் உற்பத்தி விரைவில் தொடங்கும், ஆபத்து குறைவு என்பது ஒன்று. உரிமக் கட்டணத்தை ஆண்டாண்டுக்கும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் நம் பொறியாளர்கள் என்றைக்கும் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருந்தது. எச்.எம்.டி. டிராக்டர்கள் உறுதிக்குப் பெயர் பெற்றன. சுவராஜோ, கிராமத்து மெக்கானிக் எளிதில் பிரித்துப் பூட்டக்கூடிய இயந்திரம் என்று பெயர் வாங்கியது.

முடிவு எவரும் எதிர்பாராத வகையில் அமைந்தது. பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்தை 2007-ல் மஹிந்திரா வாங்கியது. சுவராஜ் என்ற பெயர் இன்றும் விற்பனையில் முன்னணியில் உள்ளது. பிஞ்சோரில் உள்ள எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு காலத்தில் டிராக்டர் உருவான அந்த வளாகத்தின் நிலத்தில் ஒரு பகுதி, ஆப்பிள் மற்றும் பழங்கள், காய்கறிகளுக்கான மொத்தச் சந்தை அமைக்க ஹரியாணா அரசுக்கு வழங்கப்பட்டது. தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்றுச் சென்றனர். எச்.எம்.டி. டிராக்டரை வைத்திருந்த விவசாயிகளுக்கோ, உள்நாட்டுத் தயாரிப்பாக இருந்தும் ஆலை மூடப்பட்டால் உதிரி பாகத்துக்கு என்ன செய்வது என்ற பழைய கவலை புதிதாகத் தொற்றிக்கொண்டது.

வயலில் எது சிறந்தது?

இரு வகை டிராக்டர்களையும் ஒப்பிடும்போது, எந்த வேலைக்கு என்ற கேள்வி முதலில் எழுகிறது. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் பண்ணைகளுக்காக வடிவமைக்கப்படும் டிராக்டர்கள் 100 குதிரைத்திறனுக்கும் மேற்பட்டவை. குளிரூட்டப்பட்ட ஓட்டுநர் அறை, செயற்கைக்கோள் வழிகாட்டுதல், தானே மாறும் கியர் எனப் பல வசதிகள் அவற்றில் உண்டு. அகன்ற நிலத்தில் ஆழ உழுவதற்கு அவற்றுக்கு ஈடு கிடையாது.

இந்திய வயலின் தேவை வேறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர் மட்டுமே. விவசாயிகளில் 86 சதவீதத்தினர் சிறு, குறு விவசாயிகள். எனவே 31 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான டிராக்டர்களே இங்கு மிகுதியாக விற்பனையாகின்றன. சிறிய வரப்புக்குள் திரும்பவும், கிராமத்துச் சந்தில் நுழையவும் அந்த அளவே ஏற்றது.

நெல் வயலில் சேற்றுழவு இன்னொரு சோதனை. முழங்கால் அளவு சேற்றில் கூண்டுச் சக்கரம் பூட்டி மணிக்கணக்கில் ஓடும்போது, அச்சின் வழியாகச் சேறும் நீரும் உள்ளே புகாமல் தடுக்கும் அடைப்பான்களே டிராக்டரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. எடை அதிகமான டிராக்டர் புதைந்துவிடும். குறைவானது பிடிப்பின்றி வழுக்கும். கோதுமை வயலுக்கென வடிவமைத்த வெளிநாட்டு டிராக்டரை அப்படியே நெல் வயலில் இறக்க முடியாது. பிரேக்குகள் எண்ணெயில் மூழ்கிய வகையாக இருந்தால் சேற்றிலும் நீரிலும் அவை பழுதாவதில்லை என்பதால், உள்நாட்டு நிறுவனங்களும் படிப்படியாக அதற்கு மாறின.

மூன்றாவது தேவை சுமை இழுப்பது. வெளிநாட்டில் டிராக்டர் பெரும்பாலும் வயல் இயந்திரம். இந்தியாவில் அது ஆண்டின் கணிசமான பகுதியைச் சாலையில் கழிக்கிறது. கரும்பு, நெல், செங்கல், மணல், கல்யாண வீட்டுச் சாமான் என எல்லாவற்றையும் இழுக்கிறது. உழவுக்கும் சாலைக்கும் ஒருங்கே பொருந்தும் கியர் அமைப்பு இங்கு அவசியமாகிறது.

நான்காவது, பழுது நீக்கும் வசதி. உள்நாட்டு டிராக்டரின் உதிரி பாகம் தாலுகா தலைநகரக் கடையில் கிடைக்கும். மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வரும் இறக்குமதி இயந்திரத்துக்கு நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஆள் வர வேண்டும். பழைய டிராக்டரை விற்கும்போது கிடைக்கும் விலையும் இதைப் பொறுத்தே அமைகிறது.

எனினும் எல்லாவற்றிலும் உள்நாட்டுத் தயாரிப்பே மேல் என்று கூறிவிட முடியாது. ஓட்டுநரின் பாதுகாப்பு, அதிர்வு, இரைச்சல், எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றில் வெளிநாட்டுத் தரங்கள் நீண்ட காலம் முன்னணியில் இருந்தன. டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பல நாடுகளில் கட்டாயம். நம் கிராமங்களில் அதைக் காண்பது அரிது. நெல் நாற்று நடவு இயந்திரங்களில் ஜப்பானியத் தொழில்நுட்பத்தின் செல்வாக்கு இன்றும் தொடர்கிறது.

விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்பாமல் ஒப்பிட்டுப் பார்க்க விவசாயிக்கு ஒரு வழி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம், டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. இழுவைத்திறன், எரிபொருள் செலவு, ஹைட்ராலிக் தூக்கும் திறன், பிரேக்கின் செயல்பாடு ஆகியவை அதில் இடம்பெறும். ஆனால் வாங்குவோரில் மிகச் சிலரே அந்த அறிக்கையைக் கேட்டுப் பார்க்கின்றனர் என்பதே நிலைமை.

பெயர் எங்கே, பிறப்பு எங்கே?

1992-ல் டிராக்டர் உற்பத்திக்குத் தொழில் உரிமம் தேவையில்லை என்ற நிலை ஏற்பட்டதும் விவாதத்தின் போக்கு மாறியது. அமெரிக்காவின் ஜான் டீர் புணே அருகிலும், நியூ ஹாலண்ட் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலும் தொழிற்சாலைகள் அமைத்தன. ஜப்பானின் குபோட்டா 2022-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்று, நிறுவனத்தின் பெயரே எஸ்கார்ட்ஸ் குபோட்டா என மாறியது. இவை விற்கும் டிராக்டர்கள் இந்தியத் தொழிலாளர்களால், பெரும்பாலும் இந்திய உதிரி பாகங்களைக் கொண்டு உருவாக்கப்படுகின்றன. உரிமை மட்டும் வெளிநாட்டில் உள்ளது.

எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்துள்ளது. சென்னையின் டாஃபே 2005-ல் ஐஷர் டிராக்டர் பிரிவை வாங்கியது. மாசே பெர்குசன் பெயரைப் பயன்படுத்துவது தொடர்பாக அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்துடன் எழுந்த வழக்குகள் 2025-ல் சமரசத்தில் முடிந்து, இந்தியா, நேபாளம், பூடான் ஆகிய நாடுகளில் அப்பெயர் டாஃபேவுக்கே உரியது என்றானது. 1960-ல் கூட்டாளியாகக் கடன் வாங்கிய பெயர், அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சொந்தமானது.

போவன்பள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், மும்பை நெடுஞ்சாலையில் ஜஹீராபாத் உள்ளது. அங்கு 2013-ல் மஹிந்திராவின் டிராக்டர் ஆலை திறக்கப்பட்டது. ஜப்பானில் உள்ள தன் கூட்டு நிறுவனத்தின் பொறியாளர்களும், சென்னையை அடுத்துள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்களும் இணைந்து வடிவமைத்த "ஓஜா" என்னும் எடை குறைந்த டிராக்டர் இந்த ஆலையில்தான் தயாராகிறது. 2023 ஆகஸ்ட் 15-ல் அது அறிமுகம் செய்யப்பட்ட இடம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். தெலங்கானாவில் உருவாகி வெளிநாட்டுச் சந்தைக்கும் செல்லும் இந்த டிராக்டர், அங்கே இறக்குமதி டிராக்டர் எனப்படும்.

1970-களின் நடுப்பகுதி வரை டிராக்டரை இறக்குமதி செய்துவந்த நாடு, இன்று எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளர். 2022-23-ல் உள்நாட்டு விற்பனை மட்டும் 9 லட்சத்தைக் கடந்தது.

பவர் டில்லரில் தொடரும் சர்ச்சை

பெரிய டிராக்டரில் முடிந்துபோன இறக்குமதி விவாதம், பவர் டில்லரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெங்களூரின் வி.எஸ்.டி., கேரள அரசின் காம்கோ ஆகியவை பல்லாண்டுகளாக ஜப்பானியத் தொழில்நுட்ப அடிப்படையில் பவர் டில்லர் தயாரித்து வருகின்றன. சீனாவிலிருந்து குறைந்த விலையில் வந்த பவர் டில்லர்கள் இவற்றின் சந்தையைப் பிடித்தன. அரசு மானியம் இறக்குமதி இயந்திரத்துக்கும் சேர்வதாகப் புகார் எழுந்தது. இந்நிலையில் 2020 ஜூலையில் பவர் டில்லர் மற்றும் அதன் பாகங்களின் இறக்குமதி, உரிமம் பெற்றே செய்ய வேண்டிய கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்த முடிவுக்கு இரு பக்கமும் உண்டு. மலிவாக வாங்கிய இயந்திரம் இரண்டு பருவங்களில் நின்றுவிட்டு, பாகம் கிடைக்காமல் கொட்டகையில் துருப்பிடித்தால் அந்த மலிவு மலிவாகாது. மறுபுறம், டிராக்டர் வாங்க வசதியில்லாத குறு விவசாயியின் கைக்கு எட்டிய ஒரே இயந்திரத்தின் விலை ஏறினால், உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்கான செலவை ஏழை விவசாயி ஏற்பதாக அது முடியும். 1960-களில் கேட்கப்பட்ட கேள்வியே சிறிய உருவத்தில் மீண்டும் எழுந்துள்ளது எனலாம்.

வரி குறைந்தது, கடன்?

2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், டிராக்டர் மீதான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர் மற்றும் பாகங்கள் மீதான வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைத்தது. செப்டம்பர் 22 முதல் இது நடைமுறைக்கு வந்தது. வரிக்கு முந்தைய விலை ரூ. 6 லட்சம் எனக் கொண்டால், முன்பு ரூ. 72 ஆயிரமாக இருந்த வரி ரூ. 30 ஆயிரமாகிறது. ஒரு டிராக்டருக்கு ரூ. 42 ஆயிரம் மிச்சம். பாகங்களின் வரி குறைந்ததால் பழுது பார்க்கும் செலவும் குறைய வழி பிறந்துள்ளது.

ஆனாலும் இரண்டரை ஏக்கர் வைத்திருப்பவர் ஆறு லட்சம் ரூபாய் இயந்திரத்தைக் கடனில் வாங்கினால், தன் நிலத்தை மட்டும் உழுது தவணை கட்ட முடியாது. பிறர் நிலத்தில் வாடகைக்கு உழ வேண்டும். சுமை இழுக்க வேண்டும். மழை பொய்த்தால் வாடகை உழவும் இல்லை. தவணை தவறினால் வாசலில் நிற்கும் டிராக்டர் பறிமுதலாகும். அது இறக்குமதியா, உள்நாட்டுத் தயாரிப்பா என்பது அப்போது ஒரு பொருட்டல்ல.

இதனால்தான் வாடகை மையங்களுக்கு முக்கியத்துவம் அளிக்கப்படுகிறது. 2014-15-ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் இத்தகைய மையங்களுக்கு மானியம் உண்டு. தமிழகத்தில் வேளாண் பொறியியல் துறையே மணிக் கணக்கில் டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. தெலங்கானா ஒரு படி முன்னே சென்று, 12,769 கிராம ஊராட்சிகளுக்கும் தலா ஒரு டிராக்டர் வழங்கியது. எனினும் அவை துப்புரவு, குடிநீர் விநியோகம், மரக்கன்று பராமரிப்பு போன்ற பணிகளுக்கே உரியவை. உழவுக்கான வாடகை டிராக்டர் எல்லாக் கிராமங்களுக்கும், வேண்டிய நாளில் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும் என்பதே இதிலுள்ள சிக்கல்.

புதுதில்லியில் டிராக்டர் என்பது உற்பத்தி, ஏற்றுமதி, வரி வருவாய் ஆகியவற்றின் புள்ளிவிவரம். போவன்பள்ளிக்குக் காய்கறி அனுப்பும் விவசாயிக்கு அது, அடுத்த தவணைக்குள் எத்தனை ஏக்கர் உழலாம், எத்தனை முறை சந்தைக்குச் சுமை ஏற்றலாம் என்ற கணக்கு. தக்காளி விலை சரிந்த நாளில், ஏற்றி வந்த டீசல் செலவுகூடத் தேறுவதில்லை. விற்காமல் அழுகிய காய்கறியைச் சந்தை மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. அந்தக் காய்கறிக்காக வாங்கிய டிராக்டர் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.